வலது விலாவில் ஓர் உள்ளங்கை

வாருங்கள். செருப்பைக் கழற்ற வேண்டாம். இது கோயில் அல்ல. குனிந்து வணங்க வேண்டாம். இது அரசவையும் அல்ல. வெண்பாடு விமானத்தளத்தின் தெற்கு வேலிக்கு அப்பால், உப்புப் பூத்த தரையின் ஓரத்தில், தகரக் கூரை போட்ட நீண்ட கொட்டகை ஒன்று நிற்கிறது. உள்ளே வந்து பாருங்கள். இரும்புக் கட்டில். அதன்மேல் ஒரு பெண். அவள் உடம்பில் காயமில்லை, கீறல்கூட இல்லை. ஆனாலும் அவளுடைய இடது கை முழங்கையிலிருந்து விரல்வரை துடித்துக்கொண்டிருக்கிறது, தணலில் வைத்த கை துடிப்பதைப் போல. அவள் துடித்ததால் நான்கு பேர் உயிரோடு இருக்கிறார்கள். அந்த நால்வரின் பெயர்களும் தளத்தின் வாசற்பலகையில் வெள்ளை எழுத்தில் மின்னுகின்றன. இவளுடைய பெயர் பலகையில் இல்லை, பதிவேட்டிலும் இல்லை. கட்டிலின் காலில் ஓர் எண் மட்டும் எழுதியிருக்கிறது: பதினேழு.

அந்த எண்ணுக்கு மீண்டும் ஒரு பெயர் கிடைக்குமா, அல்லது மூன்று நாள் கழித்து இதே கட்டிலில் மறுபடியும் அவளைக் கிடத்துவார்களா என்பதுதான் இந்தக் கதை. நீங்கள் பார்த்துவிட்டீர்கள். இனிப் பார்க்காதவர்போல் நடந்துகொள்ள முடியாது. ஆகவே முதலிலிருந்து கேளுங்கள்.

தென்கடல் போரின் மூன்றாம் ஆண்டு அது. கரையோர மீன்பிடித் துறைமுகங்களின் மேல் எதிரியின் எறிகணைகள் நாள் தவறாமல் விழுந்துகொண்டிருந்தன. அவற்றை ஏவிய மேடை, கடலுக்குள் நூற்றெண்பது மைல் தொலைவில் ஒரு பாறைத்தீவில் இருந்தது. அதை உடைக்கப் போன ஐந்து விமானங்கள் திரும்பவில்லை. ஆறாவதாக 'வல்லூறு' போக வேண்டும் என்று ஆணை வந்தது.

வல்லூறில் நால்வர். விமானி சவரிராயன், தூத்துக்குடிக் கடற்கரைக்காரர். கோபம் வந்தால் குரல் உயராமல் தாழ்ந்துபோகும் மனிதர். குண்டுக்குக் குறிபார்ப்பவர் மைதீன், காயல்பட்டினத்து வாய்த்துடுக்கு. பொறியாளர் வெள்ளைத்துரை, அம்பாசமுத்திரத்துக்காரர். அவர் நேர்ந்துகொள்ளாத சாமி அந்தப் பக்கத்தில் இல்லை. வழிகாட்டி செங்கமலம், திருவாரூர்ப் பெண், இருபத்தொன்பது வயது.

ஐந்தாவதாக ஒரு குரல் இருந்தது. அதற்கு 'மேனி' என்று பெயர். எதிரி பரப்பும் அலைகளில் கருவிகள் குருடாகிவிடும். முட்கள் பொய் சொல்லும். அப்போது விமானத்தில் எங்கே அடி, எங்கே தீ, எங்கே ஓட்டை என்று உண்மை பேசும் ஒரே குரல் மேனிதான். அது விமானத்தை ஓர் உடம்பாகப் பாவித்துப் பேசும். முன்பகுதி முகம், இறக்கைகள் கைகள், குண்டறை வயிறு, சக்கரங்கள் கணுக்கால். ஏற்ற இறக்கமில்லாத, ஊர் தெரியாத, ஆணின் குரல். அது ஒரு கணினி என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஒருவரும் அதற்குமேல் கேட்கவில்லை. நம்மைக் காப்பாற்றுவது எது என்று நாம் விசாரிப்பதில்லை. காப்பாற்றினால் போதும் என்று இருந்துவிடுகிறோம். மைதீன் மட்டும் ஒவ்வொரு பயணத்திலும் அதனிடம் வம்பளப்பார். "என்ன மேனி, தொண்டை காயுதா? தண்ணி கிண்ணி வேணுமா?" என்பார். மேனி பதில் சொன்னதில்லை.

அந்தப் படைப்பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. ஏறுவதற்கு முன், ராசிக்காக, ஒவ்வொருவரும் ஸ்பேனரால் விமானத்தின் பக்கவாட்டில் மூன்று முறை ஓங்கித் தட்ட வேண்டும். திரும்பி வந்தபின் மூக்கு நுனியில் கற்பூரம் ஏற்றி, நெற்றியில் மோதித் தேங்காய் உடைக்க வேண்டும். செங்கமலம் தட்டுவதில்லை. அவளுடைய அப்பா திருவாரூர்ப் பணிமனையில் பேருந்து ஓட்டியவர். காலையில் முதல் நடைக்கு வண்டியை எடுக்குமுன் அதன் பக்கத்தில் உள்ளங்கையை வைத்து ஒரு கணம் நிற்பார். மகளும் அப்படியே வல்லூறின் வலப்பக்கத்தில் கையை வைத்துவிட்டு ஏறுவாள். மற்றவர்கள் கேலி செய்வார்கள். மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கிறாள் என்பார் மைதீன்.

பிற்பகல் இரண்டு மணி. வெயில் கடலைத் தகடாக அடித்து விரித்திருந்தது. குண்டுகள் பிசகாமல் விழுந்தன. மேடை நொறுங்கிக் கரும்புகை எழுந்ததை மைதீன் தன் கண்ணால் கண்டு சொன்னார். சொல்லி வாய் மூடுவதற்குள் கீழிருந்து வந்த ஒரு வெடி அவருடைய தொடையைக் கிழித்தது. மற்றொன்று இடது இறக்கையைத் துளைத்தது. கருவிகளின் முட்கள் எல்லாம் ஒரே நேரத்தில் படுத்துக்கொண்டன.

"இடது முழங்கை. தீ," என்றது மேனி.

வெள்ளைத்துரை இடது எரிபொருள் குழாயை அடைத்தார். வயிறு மூடவில்லை என்றது குரல். குண்டறைக் கதவைக் கையால் சுழற்றி மூடினார்கள். தீ அணையவில்லை. மணிக்கட்டுவரை வந்துவிட்டது என்று அதே சலனமற்ற குரல் அறிவித்தது. பின்னால் எதிரியின் மூன்று விமானங்கள் துரத்திக்கொண்டு வந்தன. எந்தப் பக்கம் போவது என்று சவரிராயன் கேட்டார். செங்கமலத்தின் திரை இருண்டு கிடந்தது. ஒளிந்துகொள்ள ஒரு பஞ்சுப்பொதி அளவு மேகம்கூட வானத்தில் இல்லை. மானத்தோடு கரை சேர்த்தால் ஒன்பது தேங்காய் என்று வெள்ளைத்துரை உரக்க நேர்ந்துகொண்டார்.

அப்போதுதான் மேனி, பயிற்சிப் புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொன்னது.

"வலது கன்னம். ஈரம்."

செங்கமலம் வலப்பக்கம் பார்த்தாள். வெயிலைத் தவிர ஒன்றும் இல்லை.

"மழை வரும். வலது பக்கம் போங்கள்."

அறுபத்திரண்டு பயணங்களில் மேனி எங்கே வலி என்றுதான் சொல்லியிருக்கிறது. என்ன செய்யுங்கள் என்று சொன்னதில்லை. சவரிராயன் தலையைத் திருப்பாமல் கேட்டார்: "நம்பலாமா, கமலம்?"

நம்புவதற்கு அவளிடம் ஒரு காரணமும் இல்லை. பணிமனையில் வண்டியைத் தொட்டு நின்ற அப்பாவின் முகம் ஏனோ நினைவுக்கு வந்தது. "நம்பலாம்ணே," என்றாள்.

நான்கு நிமிடம் எரியும் கையோடு பறந்தார்கள். ஐந்தாவது நிமிடத்தில் தொடுவானத்தின் மடிப்பிலிருந்து ஒரு கருமேகம் மலைபோல் எழுந்து நின்றது. வல்லூறு அதற்குள் புகுந்தது. மழை வந்து இறக்கையின்மேல் குடம்குடமாகக் கொட்டியது. எரிபொருள் நின்ற குழாயில் எஞ்சியிருந்த தீ சீறி அடங்கியது. துரத்தியவர்கள் மேகத்துக்கு வெளியே வழி தெரியாமல் சுற்றிவிட்டுப் போனார்கள். மழைச் சத்தத்தின் நடுவே மேனி, கேட்கப்படாமலே, ஒரே ஒரு சொல் சொன்னது. "குளிர்ச்சி."

மாலை நான்கரைக்கு வெண்பாட்டுக் கரை தெரிந்தது. வலது கணுக்காலில் பிடிப்பில்லை என்ற மேனியின் எச்சரிக்கையால் சக்கரத்தைக் கையால் இறக்கிப் பூட்டி, தரை தொட்டார்கள். கோபுரத்திலிருந்து வழக்கமான கேள்வி வந்தது: "எத்தனை பேர்?" சவரிராயன் பின்னால் திரும்பி மூவரையும் எண்ணினார். "நாலு பேரும்," என்றார்.

இனித்தான் நான் உங்களை அழைத்துவந்த கொட்டகைக்குப் போகும் வழி.

மைதீனைத் தூக்க ஆள் வரும்வரை செங்கமலம் உள்ளேயே இருந்து அவர் தொடையில் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். அதனால் தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. வெளியே ஆரவாரம். தரைப் பணியாளர்கள் வெள்ளைத்துரையைத் தோளில் தூக்கி இறக்கினார்கள். நேர்ந்தவர் நேர்ந்தபடி செய்யத் துடித்தார். சமையற்கட்டிலிருந்து ஒன்பது தேங்காயும் வந்துவிட்டன. அவர் கண்ணில் நீர் வழிய முதல் காயை ஓங்கினார்.

செங்கமலத்தின் காதுக்குள் குரல் சொன்னது: "நெற்றி. அடி."

அவள் நிமிர்ந்தாள். வெளியே சிரிப்பு, கைத்தட்டல். இரண்டாவது காய்.

"நெற்றி. அடி."

கருவி ஏதோ குழம்பிவிட்டது என்று நினைத்தாள். மூன்று, நான்கு, ஐந்து. ஒவ்வொரு முறையும் அதே இரண்டு சொல். பிறகு கற்பூரம் ஏற்றினார்கள். "மூக்கு நுனி. தீ," என்றது குரல். ஆறாவது காய் உடைந்ததும் ஒரு நீண்ட இடைவெளி. அதன்பின், அதே ஏற்ற இறக்கமற்ற ஆணின் குரலில்:

"போதும்."

இரும்புக்குப் போதும் என்று சொல்லத் தெரியாது. கணினிக்கும் தெரியாது. செங்கமலம் சன்னலைக் கையால் அறைந்து, நிறுத்தச் சொல்லிக் கத்தினாள். வெள்ளைத்துரையின் கையில் ஏழாவது காய் உயர்ந்தபடி நின்றது. அவள் ஒலிவாங்கியைப் பற்றிக்கொண்டு மெல்லக் கேட்டாள்: "யாரு நீங்க?"

"பதினேழு," என்றது குரல். உடனே எங்கோ யாரோ பேச்சுத் தொடர்பை அறுத்தார்கள்.

நடந்ததைக் கேட்ட சவரிராயனின் குரல் தாழ்ந்தது. பதினேழு என்பது என்ன என்று அவர் மூத்த மெக்கானிக்கிடம் விசாரித்தார். தெற்கு வேலிக்கு அப்பாலிருந்த தகரக் கொட்டகையை அந்த மனிதர் முகவாயால் காட்டிவிட்டுத் தலைகுனிந்துகொண்டார். ஜெனரேட்டர் வைத்திருக்கும் இடம் என்று மூன்று ஆண்டுகளாக எல்லோரும் நம்பியிருந்த கொட்டகை அது.

மூவரும் நடந்தார்கள். மைதீன் தூக்குப்படுக்கையில் வந்தார்; மருத்துவமனைக்கு அப்புறம் போகலாம் என்று அடம்பிடித்தார். வாசலில் கொட்டகையின் பொறுப்பு மருத்துவர் கோதண்டபாணி மறித்தார்.

"நீங்க இங்க வரக்கூடாது."

"வந்தாச்சு டாக்டர்," என்றார் சவரிராயன். "இனி சொல்லுங்க."

மருத்துவர் சொன்னார். கெட்டவராக அல்ல, களைத்தவராகத்தான் சொன்னார். இரட்டையாகப் பிறந்த நுண்மணிகள் உண்டு. ஒன்று விமானத்தின் தோலில், அதன் ஜோடி இங்கே கட்டில்களில் படுத்திருக்கும் இவர்களுடைய கழுத்து நரம்பில். அங்கே அசைந்தால் இங்கே அசையும். நடுவில் அலை எதுவும் கிடையாது. அலை இருந்தால்தானே எதிரி குழப்ப முடியும்? படுத்திருப்பவர் முனகுவதைக் கணினி வடிகட்டி, ஊர் வாடையை நீக்கி, பெண்ணென்றும் தெரியாமல் செய்து, திருத்தமான சொற்களாக அதே மணி வழியே மேலே அனுப்பும்.

"அப்ப, விமானத்துல விழுற அடி?"

"இவங்களுக்குத் தெரியும். காயம் ஆகாது. வலி மட்டும்தான்."

மட்டும்தான். எத்தனை பெரிய கொடுமையையும் மூடிவிட இந்த ஒரு சொல் போதுமானதாக இருக்கிறது, பாருங்கள்.

தரையிறங்கியதும் கழற்றிவிட்டால் என்ன என்று செங்கமலம் கேட்டாள். விமானத்தின் தோல் ஆறுவதற்கு நாற்பது நிமிடம் ஆகும். அவசரப்பட்டால் இதயம் நின்றுவிடும் என்றார் மருத்துவர். அந்த நாற்பது நிமிடத்துக்குள்தான், மூன்று ஆண்டுகளாக, பயணம் தவறாமல், நன்றி என்ற பெயரில் கற்பூரமும் தேங்காயும். வெள்ளைத்துரை அப்படியே உப்புத்தரையில் உட்கார்ந்தார்.

"எங்ககிட்ட ஏன் சொல்லல?" என்றாள் செங்கமலம்.

"சொன்னா உங்க கை நடுங்கும். கை நடுங்கினா குறி தப்பும்னு மேலிடத்துல முடிவு பண்ணாங்க." மருத்துவர் குரலைத் தணித்தார். "நீங்க நினைக்கிற அளவுக்கு ஒண்ணும் இல்லம்மா. உப்பளத்து ஜனங்க. வெயில்லயும் உப்புலயும் மரத்துப்போன தோல். நமக்கு வலிக்கிற மாதிரி இவங்களுக்கு வலிக்காது. அதனாலதான் இவங்களையே எடுத்தோம். மூணு நாள்ல மறுபடி தயாராயிடுவாங்க."

கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது. ஊர் வாடையோடு, பெண்ணின் குரலாக, முதல்முறையாக.

"வலிக்காதுன்னா, எங்க தீப்பிடிச்சதுன்னு நான் எப்படிய்யா சொன்னேன்?"

மூன்று ஆண்டுகளாக ஆய்வாளர்களும் தளபதிகளும் கட்டியெழுப்பிய ஒரு கொள்கை, ஒரு கேள்வியில் சரிந்து கிடந்தது. வலி தெரியாதவர்களை எடுத்து, வலியைச் சொல்லும் வேலையில் வைத்தார்களாம். எவ்வளவு அழகான தர்க்கம்! அதை எழுதியவர் படித்தவர். அதில் கையொப்பமிட்டவர் அவரைவிடப் படித்தவர். அதை உடைத்தவள் உப்பு வாரியவள்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "வலது விலாவுல உள்ளங்கை வைக்கிறவங்க வந்திருக்காங்களா?" என்று கேட்டாள்.

செங்கமலம் கட்டிலருகே போய், துடிக்காத கையின்மேல் தன் கையை வைத்தாள். "நான்தான்க்கா," என்றாள்.

"ஆமா. இதே கைதான்." அந்தப் பெண்ணின் முகத்தில் ஒரு தளர்ச்சி பரவியது. "எல்லாரும் அடிச்சுட்டுத்தான் ஏறுவாங்க. ஒரு கை மட்டும் சும்மா இருக்கும். அந்தக் கை இருக்கிற வண்டி திரும்பி வரணும்னு நினைச்சுக்குவேன்."

பெயரைக் கேட்டாள் செங்கமலம். மாரிக்கண்ணு. தளத்துக்காகக் கையகப்படுத்தும்வரை, இதே தரையில் இருந்த பாத்திகளில் உப்பு வாரியவள். அளம் போனபின் படுத்திருக்கிற வேலை ஒன்று இருக்கிறது, சும்மா படுத்தாலே போதும் என்று அழைத்துவந்தார்கள். மழை வருவது எப்படித் தெரிந்தது என்று சவரிராயன் கேட்டார். அவள் சிரித்தாள்.

"உப்பு வாருறவளுக்கு மழை வர்றது கன்னத்துல தெரியாதாய்யா? தெரியலேன்னா ஒரு வாரத்துப் பாடு கரைஞ்சு போயிரும்ல. அதைச் சொல்ல எனக்கு உத்தரவு இல்ல. ஆனா கை எரிஞ்சுக்கிட்டே இருந்தது, நீங்க நேராவே போய்க்கிட்டு இருந்தீங்க."

மரத்துப்போன தோல் அல்ல அது. கருவிகள் குருடான வானத்தில் ஐந்து நிமிடத்துக்கு அப்பாலிருந்த மழையைப் படித்த தோல். அவளுடைய வலியைப் பயன்படுத்திக்கொண்டவர்களுக்கு, அவளுடைய அறிவு இத்தனை நாளும் தேவைப்படவில்லை.

தூக்குப்படுக்கையிலிருந்து மைதீன் தயங்கித் தயங்கிப் பேசினார். "தங்கச்சி... நான் ஒண்ணு கேப்பேனே, தண்ணி வேணுமான்னு."

"கேப்பீங்க. வேணும்னு சொல்ல உத்தரவு இல்ல."

மைதீன் தன் இடுப்பிலிருந்த குடுவையைக் கழற்றி நீட்டினார். மாரிக்கண்ணு தலையை உயர்த்திக் குடித்தாள். பாதிக் குடுவையைக் குடித்துவிட்டு, அவரைப் பார்த்து, காலில் என்ன இவ்வளவு ரத்தம் என்று கேட்டாள்.

வெள்ளைத்துரை வாசலைத் தாண்டி உள்ளே வந்தார். அவர் தேங்காயைப் பற்றியோ சாமியைப் பற்றியோ பேசவில்லை. "டாக்டர், அடுத்த வாட்டி என்னைய படுக்க வைங்க," என்றார்.

அது நடக்காது என்றார் மருத்துவர். நுண்மணி எல்லா உடம்பிலும் ஒட்டாது, இவர்களுடைய உடம்பில்தான் ஒட்டும், அது நிரூபிக்கப்பட்டது என்றார். யார் நிரூபித்தது, வேறு யாரைப் படுக்க வைத்துப் பார்த்தீர்கள் என்று செங்கமலம் கேட்டாள். மருத்துவர் யோசித்தார். வேறு யாரையும் படுக்க வைத்துப் பார்த்ததில்லை.

"அப்ப பார்த்துருவோம்," என்றார் சவரிராயன், மிகத் தாழ்ந்த குரலில். "அதுவரைக்கும் வல்லூறு எழும்பாது. பறக்கத் தகுதியில்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட எனக்கு அதிகாரம் இருக்கு."

மறுநாள் காலை தளபதியே வந்தார். சோதனைக்கு அவர் ஒப்புக்கொண்டது இரக்கத்தால் அல்ல. பொறியாளர் கட்டிலில் படுப்பார், வல்லூறின் பக்கத்தில் வைத்த ஒலிபெருக்கி ஊமையாகக் கிடக்கும், நால்வரும் வாயடைத்துப் போவார்கள் என்ற உறுதியால். தளத்தில் இருந்தவர்கள் எல்லோரும் கூடினார்கள். கொட்டகையில் வெள்ளைத்துரை படுத்தார். கழுத்தில் மணியைப் பொருத்தினார்கள்.

வேலிக்கு இந்தப் பக்கம், மாரிக்கண்ணு உப்புத்தரையைக் கடந்து நடந்து வந்தாள். மூன்று ஆண்டுகள் தன் உடம்பாக இருந்த பொருளை அன்றுதான் முதன்முறையாகக் கண்ணால் பார்த்தாள். கருகிய இடது இறக்கையின் கீழே சிறிது நேரம் நின்றாள். தன் இடது கையை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டாள்.

ஒருவர் அவளிடம் ஸ்பேனரை நீட்டினார். அவள் அதை வாங்கினாள். அத்தனை அடிக்கும் கணக்குத் தீர்க்க அவளுக்கு உரிமை இருந்தது. உள்ளே படுத்திருந்தவரும் அதை எதிர்பார்த்தே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அவள் ஸ்பேனரைத் திருப்பிப் பார்த்தாள், கனத்தைக் கையில் உணர்ந்தாள், கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுத்தாள். வலப்பக்கம் போனாள். உள்ளங்கையை வைத்தாள்.

ஒலிபெருக்கி பேசியது. அதே ஏற்ற இறக்கமற்ற குரல்.

"வலது விலா. உள்ளங்கை."

பிறகு அது நெடுநேரம் சும்மா இருந்தது. அழுகையை மொழிபெயர்க்க அந்தக் கணினிக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

எல்லா உடம்பிலும் மணி ஒட்டுகிறது. எல்லாத் தோலுக்கும் வலிக்கிறது. இந்த இரண்டு உண்மைகளையும் அறிய ஒரே ஒரு காலைப்பொழுது போதுமானதாக இருந்தது. அறியாமல் இருப்பதற்குத்தான் மூன்று ஆண்டுகள் பாடுபட்டிருந்தார்கள்.

அன்று பயண அறிக்கையை எழுதியவள் செங்கமலம். 'திரும்பியோர்' என்ற இடத்தில் 'ஐவர்' என்று எழுதி, ஐந்தாவது பெயராக மாரிக்கண்ணு என்று சேர்த்தாள். திருத்தும்படி தாள் திரும்பி வந்தது. அதையே மறுபடி எழுதினாள். பதவிச் சின்னத்தைப் பறிக்க நேரும் என்ற எச்சரிக்கையோடு மறுபடியும் வந்தது. சின்னத்தைச் சட்டையிலிருந்து தானே கழற்றித் தாளோடு சேர்த்துக் குத்தி அனுப்பினாள். மூன்றாம் முறை தாள் திரும்பி வரவில்லை. சின்னம் மட்டும் வந்தது.

கொட்டகையின் கதவில் அவர்கள் ஒரு முறைப்பட்டியலை ஒட்டினார்கள். யார் எந்த நாள் கட்டிலில் படுப்பது என்று. முதல் பெயர் வெள்ளைத்துரை, இரண்டாவது செங்கமலம், கால் ஆறியபின் மைதீன். தளபதி கிழித்தார், மீண்டும் ஒட்டினார்கள். விமானம் எழும்ப வேண்டும், எழும்ப வேண்டுமானால் ஒருவர் படுக்க வேண்டும், மற்றக் கட்டில்களில் படுத்துவந்த உப்பளத்தார் பதினெட்டுப் பேரும் மாரிக்கண்ணுவின் பின்னால் கொட்டகைக்கு வெளியே நின்றார்கள். வேறு வழியின்றி அதிகாரிகளின் பெயர்களும் பட்டியலில் ஏறின. ஒன்பதாம் நாள் தளபதியின் முறை. அன்று வல்லூறு ஆலங்கட்டி மழையில் மாட்டிக்கொண்டது. தரையிறங்கி நாற்பது நிமிடம் கழித்து அவர் எழுந்தபோது யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை; மருத்துவரை மட்டும் தனியே அழைத்தார்.

பதினோரு நாள். வெறும் பதினோரு நாளில், வலியின் நுனியை மட்டும் தொட்டுவிட்டு நின்றுவிடும்படி மணியைத் திருத்தப் பொறியாளர்கள் வழி கண்டுவிட்டார்கள். மூன்று ஆண்டுகளாக, இயற்கை விதிப்படி இயலாது என்று எழுதிவைத்திருந்த அதே பொறியாளர்கள். இயற்கை மாறவில்லை. கட்டிலில் படுத்த முதுகு மாறியது.

மாரிக்கண்ணு வெள்ளிக்கிழமை தோறும் தன் முறைக்கு வருகிறாள், வற்புறுத்தலால் அல்ல. அளத்தில் மழை என்றால் ஒரு வாரப் பாடு போயிற்று. மேலே மழை பெய்தால் தோளெல்லாம் பன்னீர் தெளித்த மாதிரி இருக்கிறது என்று செங்கமலத்திடம் சொன்னாள். வானிலை பார்ப்பவள் என்று வாசற்பலகையில் அவள் பெயர் இருக்கிறது. தேங்காய்கள் இப்போது சமையற்கட்டில் உடைகின்றன. அந்தச் சட்னிக்காக மைதீன் ஊன்றுகோலோடு முதல் ஆளாக நிற்கிறார். கோபுரம் எத்தனை பேர் என்று கேட்டால் சவரிராயன் ஐவர் என்கிறார்.

இத்துடன் மனம் நிறைந்து எழுந்து போய்விடாதீர்கள். நன்றி மனத்தில் நிறைந்தால் போதாது. சரியான முகவரிக்குப் போய்ச் சேர வேண்டும். இரும்புக்குக் கற்பூரம் காட்டிய கைகள் நம்முடையவை. இன்னும் பதினான்கு தளங்கள் இருக்கின்றன. பதினான்கு தகரக் கொட்டகைகள், ஒவ்வொன்றிலும் எண்ணிட்ட கட்டில்கள். உங்கள் ஊருக்கு அருகிலிருக்கும் தளத்தின் தெற்கு வேலிக்குப் போங்கள். ஜெனரேட்டர் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். கதவைத் திறக்கச் சொல்லுங்கள். படுத்திருப்பவரின் பெயரைக் கேளுங்கள், தண்ணீர் கொடுங்கள். பிறகு கதவில் ஒரு தாளை ஒட்டி, முதல் வரியில் உங்கள் பெயரை எழுதுங்கள்.